புழக்கடைக் குறிமரம்

சேசு மரி சூசை துணை

தங்கவயல்,
1894 சனவரி 14

ஆரணியில் என் அக்காள் அமலோற்பவத்துக்குத் தம்பி இன்னாசிமுத்து எழுதுகிறது. சர்வேசுரன் கிருபையில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? பட்டு இழைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கிறதே இல்லை என்று கேள்விப்பட்டேன். நடுவில் எழுந்து நட.

கிறிஸ்மஸ் அன்றைக்கு இங்கே துரைமார் ஒரு பந்தயம் வைத்தார்கள். சுரங்கத்துக்குள் முட்டு மரம் வைக்கிற எங்கள் எல்லாருக்கும் இடுப்பில் கைக்கோடாலி உண்டு. அதைத் தூரத்தில் நின்று எறிந்து மரத்தில் பதிய வைக்க வேண்டும். இத்தாலிக்காரன் ஒருவன் வெற்றிலை துப்புகிறவன் மாதிரி அலட்சியமாக எறிந்து ஜெயித்தான். என் கோடாலி மரத்தில் மோதி என் காலடிக்கே திரும்பி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு லீவில் வருகிறேன். நம் புழக்கடையில் ஒரு குறிமரம் செய்து வை. அங்கே பழகிக்கொள்வேன். இலவமரம்தான் வேண்டும். வேம்பும் புளியும் கோடாலியைத் திருப்பி அடிக்கும். மரத்தை நீட்டுப் பலகையாக அறுக்காமல் வில்லையாக, ஒரு சாண் கனத்துக்கு அறுக்கச் சொல். அறுத்த முகம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கால் நட்டு அதில் பூட்டி, பின்னால் மண்சுவர் இருக்கிற பக்கமாக வைக்கட்டும். நடுவில் செங்காவியால் ஒரு வட்டம் போடு.

கோடாலி ஒன்றைப் பொங்கலுக்கு ஊர் வருகிற, என்னோடு வேலை செய்கிற தசரதன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது அக்கா.

இன்னாசிமுத்து

*

சேசு மரி சூசை துணை

ஆரணி,
1894 பிப்ரவரி 11

தங்கவயலுக்குப் போய் பெரிய மனுஷனாயிட்ட தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். கால் வீக்கம் போயிடுச்சு. நீ நேரத்துக்குச் சாப்புடறியா? தசரதன உன்னப் பத்திக் கேட்டா, நல்லாத்தான் இருக்கான், நல்லாத்தான் இருக்கான்னு ரெண்டு வாட்டி சொல்றான். ஒரு வாட்டி சொன்னா போதாதா.

கோடாலி வந்துச்சு. வெறகு பொளக்க கோடாலி பாத்திருக்கேன், சும்மா தூக்கி எறியறதுக்குன்னு ஒண்ணு இப்பதான் பாக்கறேன். சரி, தம்பி கேட்டுட்டானேன்னு தறிக்கு மரவேலை செய்யற சாலமோன் வீட்டுக்குப் போனேன். நம்ம சனம்தான், பொஞ்சாதி போனதுலேர்ந்து வாயே தெறக்காத மனுஷன். இன்னா வேணும்னாரு. இலவமரத்துல ஒரு வில்லைன்னேன். எதுக்குன்னாரு. கோடாலி எறியன்னேன். கையில இருந்த உளிய கீழ வெச்சுட்டு, "வீட்ல எல்லாரும் சவுக்கியமா"ன்னு கேட்டாரு. வீட்ல எல்லாரும் நான் ஒருத்திதானேங்கன்னு சொன்னேன்.

களம்பூர் ரோட்டுல காத்துக்கு விழுந்த இலவமரம் ஒண்ண வண்டியில கொண்டாந்து அறுத்தாரு. வெடிக்காம இருக்க வண்டிச் சக்கரத்துக்குப் போடறாப்ல சுத்தி இரும்புப் பட்டா அடிச்சிருக்காரு. அது உன் கடுதாசியில இல்ல, அவர் புத்தி. செங்காவி வட்டம் நான் போட்டது. கொஞ்சம் கோணலாத்தான் இருக்குது, நீ வந்து குத்தம் சொல்லிக்கோ.

அம்மாவும் அப்பாவும் ஒரே வாந்திபேதியில போனாங்க, என்னக் கட்டினவரும் போய்ச் சேந்துட்டாரு, இருக்கறது நீ ஒருத்தன். வீட்ட வெள்ளையடிச்சு, உன் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வெச்சிருக்கேன். பாஸ்குவுக்குக் கறிக்கும் சொல்லியாச்சு. ஜல்தியா வா.

அக்கா அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

தங்கவயல்,
1894 மார்ச் 19

அக்காளுக்கு வந்தனம். நான் சுகம். நீயும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

லீவு கிடைக்கவில்லை. புதுக் குழி தோண்டுகிறார்கள், முட்டு வேலை அதிகம். அதனால் பாஸ்குவுக்கு வர வழியில்லை. வருத்தப்படாதே.

குறிமரத்தை அப்படியே விட்டுவிடாதே. இலவமரம் காய்ந்தால் வாய் பிளக்கும், பிறகு கோடாலி பதியாது. தினம் சாயந்தரம் தண்ணீர் தெளித்து ஈரக் கோணியால் மூடு. வில்லையைப் பூட்டின ஆணியைத் தளர்த்தி மாதம் ஒரு முறை கொஞ்சம் திருப்பி வைத்தால் ஒரே இடம் தேயாது. எறிகிற இடத்தில் ஒரு கல் நட்டு வை. கோடாலி ஒரு சுற்றுச் சுற்றி வாய் போய்ப் பதிகிற தூரம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுச் சிநேகிதனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் காலை மடக்கி அழுகிறது. இதற்கு நம் அம்மா என்ன கொடுப்பாள்? தெரிந்தால் எழுது.

இன்னாசிமுத்து

*

சேசு மரி சூசை துணை

ஆரணி,
1894 ஏப்ரல் 22

பாஸ்குவுக்கு வராத தம்பிக்கு, உடம்பு எப்பிடி இருக்குதுன்னு கேக்கற அக்கா எழுதறது. எனக்கு இன்னா, கல்லாட்டம் இருக்கேன்.

நீ வரலன்னு கடுதாசி வந்தது கறி வாங்கின பிறகு. ஒத்த ஆளுக்கு அவ்ளோ கொழம்பு. சுட வெச்சு சுட வெச்சு நாலஞ்சு நாள் தின்னேன். கடைசியில அந்த வாசனையே பேஜாராயிடுச்சு. திருநாளும் அதுவுமா எல்லா வீட்லயும் சத்தம் கேக்குது, நம்ம வீட்ல நான் பாத்திரத்த வெச்சா அந்தச் சத்தம்தான். லீவு குடுக்காத உன் துரைக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்கல்ல?

அந்தக் கொழந்தைக்கு வசம்பு சுட்டு, உரசி, நாக்குல ஒரு துளி தடவச் சொல்லு. வசம்பு நாலு துண்டு இதோட வெச்சிருக்கேன். யாரு வீட்டுக் கொழந்தைக்கோ இப்பிடிப் பதறற. நல்ல மனசுதான் போ.

குறிமரத்த நீ சொன்னாப்ல பாத்துகினுதான் இருந்தேன். ஆனா இந்த வெயிலுக்கு அது மேல முடி மாதிரி கோடு விட ஆரம்பிச்சிடுச்சு. தண்ணி தெளிச்சா சட்டுனு குடிச்சிடுது. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பாவு இழை அறுந்து போவாம இருக்க நாம கஞ்சி பூசறோமில்ல, அதே மாதிரி நல்லா கெட்டியா கஞ்சி காய்ச்சி, பாவுக்குத் தடவற நார்க்கட்டால மரம் முழுக்க பூசி வுட்டேன். கோடெல்லாம் அடைஞ்சு பாக்கவே மொழுமொழுன்னு இருக்குது. தண்ணி ரோதனையும் வுட்டுச்சு. தங்கவயல்ல யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

கோடாலிய நானும் எறிஞ்சு பாத்தேன். சிரிக்காத. மொத நாளு காம்பு போய் மோதிச்சு. அப்புறம் ஒரு நாள் பதிஞ்சிடுச்சு. திரும்பிப் பாத்தா சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. எறிஞ்சவளே நடந்து போய் பிடுங்கிகினு வரணும். இந்த விளையாட்டுக்கு ரெண்டு பேர் வேணும் இன்னாசி.

அக்கா அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

தங்கவயல்,
1894 மே 20

அக்காளுக்கு நமஸ்காரம். சுகம். உன் சுகத்துக்கு எழுது.

கஞ்சியா பூசினாய்? படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். உடனே கழுவிவிடு அக்கா. கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். தண்ணீர்தான், வேறு ஒன்றும் கூடாது.

வசம்புக்கு வயிற்றுவலி கேட்டது. குழந்தை இப்போது தூங்குகிறது. பழைய மெத்தென்ற வேட்டி, சேலை இருந்தால் கிழித்து அனுப்பு. இங்கே எல்லாம் முரட்டுத் துணி.

இன்னாசிமுத்து

*

சேசு மரி சூசை துணை

ஆரணி,
1894 சூலை 8

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதறது. எனக்கு ஒடம்பு நல்லா இருக்குது. மனசும்தான். உனக்கும் அப்பிடியே இருக்கட்டும்.

உன் கடுதாசி வர்றதுக்குள்ள செல்லு வந்துடுச்சு. ஒரு நாள் கோடாலிய எறிஞ்சா பொதக்குன்னு உள்ள போயிடுச்சு. ஆஹா, கை தேறிடுச்சுன்னு நெனச்சுகினு கிட்டப் போய்ப் பாத்தா, மேல மட்டும்தான் மரம், உள்ள பூரா மண்ணு. சாலமோன கூப்புட்டுக் காட்டினேன். இதுல இன்னா பூசினீங்கன்னாரு. கஞ்சின்னேன். அந்த மனுஷன் சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு தாங்கல. இந்தப் புழக்கடையில சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்ளோ காலமாச்சு தெரியுமா.

புது வில்லை அறுத்து மாட்டினாரு. காலுக்குக் கீழ சுண்ணாம்பும் சாம்பலும் கொட்டி நட்டிருக்காரு, செல்லு ஏறாம இருக்க. அதுக்கப்புறம் மரம் எப்பிடி இருக்குதுன்னு பாக்கறேன்னு அடிக்கடி வர்றாரு. நான் எறிவேன், அவர் பிடுங்கித் தருவாரு. அவர் எறிஞ்சா நான். அவங்க வயசான அம்மாவும் சில நாள் கூட வந்து குந்திகினு, எம் புள்ளைக்குக் குறி வெக்கத் தெரியல, நீ சொல்லிக் குடும்மான்னு கிண்டல் பண்ணும்.

போன வாரம் அந்த அம்மாவே கேட்டுச்சு. எம் புள்ளையக் கட்டிக்கிறியான்னு. அவர் கோடாலிய கையில வெச்சுகினு தரையப் பாத்துகினு நின்னாரு. வெக்கத்த விட்டு எழுதறேன், எனக்குச் சம்மதம் இன்னாசி. முப்பது வயசு தாண்டினவளுக்கு இன்னா ஆசைன்னு நீ நெனைக்க மாட்டன்னு தெரியும். ஒத்தையா தின்னு ஒத்தையா படுத்து அலுத்துப் போச்சு.

நம்ம கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். மூணு ஞாயிறு பூசையில ரெண்டு பேர் பேரையும் ஓலை வாசிச்சு, யாருக்காவது ஆட்சேபணை இருக்குதான்னு கேட்டுட்டுதான் கல்யாணம். தாலி அறுத்தவளுக்கு ரெண்டாங் கல்யாணம்னா, பொறந்த வீட்டு ஆம்பள சாமியார் முன்னாடி நின்னு, எங்க பொண்ண மனசாரத் தர்றோம்னு சொன்னாதான் ஓலையே வாசிப்பாங்க. உன்ன விட்டா எனக்கு ஆம்பள யாரு? ஒரே ஒரு நாள் வா. முடியாட்டி அங்க இருக்கற சாமியார் கையெழுத்தோட எழுதி அனுப்பினாலும் ஏத்துக்கறேன்னு நம்ம சாமியார் சொல்லிட்டாரு. வீட்டப் பத்திக் கவலைப்படாத. அது உன்னுதுதான்.

துணி அனுப்பியிருக்கேன். அம்மாவோட சேலையும் அதுல ஒண்ணு.

அக்கா அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

தங்கவயல்,
1894 ஆகஸ்டு 5

அக்காளுக்கு வந்தனம். நான் சுகம். அங்கே மழை உண்டா?

துணி வந்தது. புது வில்லை போட்டது நல்லது. மழைக்காலத்தில் அதிகம் நனைந்தால் மரம் ஊறிக் கோடாலி சிக்கிக்கொள்ளும். மேலே ஓலைத் தட்டி ஒன்று கட்டு. கோடாலிக் காம்புக்கு வேப்பெண்ணெய் தடவி நிழலில் வை. வாயைக் கல்லில் தீட்டும்போது ரொம்பக் கூராக்காதே, மரத்தில் பட்டு மடங்கும். இரும்புப் பட்டா தளர்ந்தால் ஆப்பு அடிக்கச் சொல்.

மற்ற விஷயங்களை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இன்னாசிமுத்து

*

சேசு மரி சூசை துணை

ஆரணி,
1894 ஆகஸ்டு 19

தம்பிக்கு. சுகம் விசாரிக்க இன்னிக்கு எனக்குப் பொறுமை இல்ல. நல்லா இருப்பன்னு நெனைக்கறேன்.

நான் இன்னா கேட்டேன், நீ இன்னா எழுதியிருக்கற? காம்புக்கு வேப்பெண்ணெய். தட்டி. ஆப்பு. நேர்ல பேசிக்கலாம்ன்ற, நேர்ல எப்ப வருவன்னு எழுதல. கடுதாசிய முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், எங்கியாவது ஒரு மூலையில ஒரு வார்த்த இருக்குமான்னு.

உனக்கு இஷ்டமில்லியா? இல்லன்னா இல்லன்னு சொல்லு, திட்டிட்டு விட்டுடறேன். அக்கா போயிட்டா ஊர்ல நமக்குன்னு யாரும் இல்லன்னு நெனைக்கிறியா? அடுத்த தெருவுக்குத்தான்டா போறேன். நீ எப்ப வந்தாலும் சோறு ஆக்கிப் போட மாட்டேனா?

சாலமோன் எப்பவும் போல வந்து எறிஞ்சிட்டுப் போறாரு. அவங்க அம்மாதான் கேட்டுகினே இருக்குது. அதுக்கு முடியல, கண்ணும் சரியா தெரியல, வீட்ல ஒரு பொம்பள வேணும். கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலம் பொறந்துட்டா கோயில்ல கல்யாணம் கிடையாது. அதுக்கு முன்னாடி மூணு ஓலையும் ஆயிடணும். உன் தம்பி சம்மதிக்கலன்னா நாங்க வேற எடம் பாக்கறோம்மான்னு அது நேத்து சொல்லிட்டு என் கையப் புடிச்சுகினு அழுதுச்சு.

ஒரு வரி எழுது. நல்லதோ கெட்டதோ.

அக்கா

*

சேசு மரி சூசை துணை

ஆரணி,
1894 அக்டோபர் 7

தம்பி இன்னாசிமுத்துவுக்கு. ஒடம்பு சரியில்லியா? ஆகஸ்டுல எழுதினதுக்கு பதிலே இல்ல. தசரதன் பொஞ்சாதிகிட்ட கேட்டா, அவர் கடுதாசியில உன்னப் பத்தி ஒண்ணும் இல்லன்றா. சுரங்கத்துல ஏதாவது ஆயிடுச்சோன்னு தெனம் தபால்காரர வழி மறிச்சுக் கேக்கறேன். கோவமெல்லாம் போயிடுச்சு. கல்யாணத்தப் பத்திக்கூட எழுத வேணாம், உசுரோட இருக்கேன்னு எழுது.

சாலமோன் இப்பெல்லாம் புழக்கடைப் பக்கம் வர்றதில்ல. கோயில்ல பாத்தா தலைய ஆட்டிட்டுப் போறாரு. தட்டி மழையில சாஞ்சிடுச்சு, நானே நிமுத்திக் கட்டினேன்.

அக்கா அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

ஆரணி,
1894 நவம்பர் 5

தம்பிக்கு அக்கா எழுதறது. தசரதன் ஊருக்கு வந்திருக்கான். நீ நல்லா இருக்கன்னு சொன்னான். மாதாவுக்குத் தோத்திரம். அதுக்கு மேல கேட்டா, அத உன் தம்பியையே கேளுக்கான்னு நழுவறான்.

நேத்து ஞாயித்துக்கிழமை பூசையில ஓலை வாசிச்சாங்க. ஆரணி கோயிலச் சேந்த சாலமோனுக்கும் பெரணமல்லூர் சகாயம்மாளுக்கும். எனக்கு முன்னாடியே யாரும் சொல்லல. சொல்ல மனசு வரல போல. பொம்பளைங்க பக்கம் நடுவுல குந்திகினு இருந்தேன். பேரு காதுல விழுந்ததும் எல்லாரும் என்னத் திரும்பிப் பாக்கறாப்ல இருந்துச்சு. பாத்தாங்களா இல்லியான்னு தெரியல, நான் தலைய தூக்கல.

அவர்மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த மனுஷன் எவ்ளோ காத்திருப்பாரு? அவங்க அம்மா படுத்தபடுக்கையா இருக்குது.

வீட்டுக்கு வந்து நேரா புழக்கடைக்குத்தான் போனேன். இருட்டற வரைக்கும் எறிஞ்சேன். அப்புறம் அங்கியே குந்தி அழுதேன். உனக்கு இத எழுதக் கூடாதுன்னுதான் நெனச்சேன். வேற யாருக்கு எழுதறது.

அக்கா அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

தங்கவயல்,
1894 நவம்பர் 4

அக்காள் பாதத்துக்குத் தம்பி இன்னாசிமுத்து விழுந்து எழுதுகிறது. நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எழுத உட்காருவேன், கல்யாணத்தைப் பற்றி எழுதக் கை வராது. குறிமரத்தைப் பற்றி மட்டும் எழுத வந்தது.

அக்கா, எனக்கு இங்கே பொஞ்சாதி இருக்கிறாள். பெயர் காத்தாயி. தெள்ளார்ப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த குடும்பம். ஞானஸ்நானம் வாங்காதவள். போன வருஷம் கோயிலில் கல்யாணம் வைக்காமலே சேர்ந்து குடித்தனம் வைத்தேன். வசம்பு கேட்டது எங்கள் குழந்தைக்குத்தான். அம்மாவின் சேலையில்தான் அது தூங்குகிறது. பாஸ்குவுக்கு லீவு கிடைத்தது, நான்தான் வரவில்லை. வந்தால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடம் எல்லாம் சொல்லச் சொல்லுவாய். உனக்காகச் சாமியார் முன்னால் நின்றாலும் முதலில் என்னைத்தான் கேட்பார். இங்கே உள்ள சாமியாரிடம் கையெழுத்துக்குப் போனாலும் அதே கதைதான். பயந்துகினே நாளத் தள்ளிட்டேன் அக்கா. நீ எப்பவும் போல காத்திருப்பன்னு நெனச்சிட்டேன்.

போன வாரம் துணிந்து போனேன். காத்தாயி ஞானஸ்நானத்துக்கு வேதம் படிக்கிறாள். சாமியார் என்னைத் திட்டிவிட்டு, உன் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். என் அக்காளை மனசாரத் தருகிறேன் என்று என் கைப்பட எழுதியிருக்கிறேன். சாலமோன் மச்சானுக்கு என் வந்தனம் சொல். கிறிஸ்மஸுக்கு நாங்கள் வரலாமா? குறிமரம் எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

சேசு மரி சூசை துணை

ஆரணி,
1894 நவம்பர் 12

தம்பி இன்னாசிமுத்துவுக்கு அக்கா ஆசீர்வாதம். உனக்கும் காத்தாயிக்கும் ஒடம்பு நல்லா இருக்கட்டும். எனக்கு நல்லாத்தான் இருக்குது.

என் கடுதாசியும் உன்னுதும் வழியில ஒண்ண ஒண்ணு தாண்டிப் போயிருக்குது. இந்நேரம் படிச்சிருப்ப. உன் தாள் வந்தப்ப மொத ஓலை ஆயிடுச்சு. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா, சோறு வடிக்கறத அப்பிடியே போட்டுட்டு கோயிலுக்கு ஓடியிருப்பேன்.

கோயில் உபதேசியார்கிட்ட காட்டினேன். இப்பவும் ஒண்ணும் குடிமுழுகல, அடுத்த ஓலை அப்ப எழுந்து நின்னு ஆட்சேபணை இருக்குதுன்னு சொல்லி இத குடு, சாமியார் நிறுத்தி வெச்சு விசாரிப்பாரு, சாலமோன் மனசு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்னாரு. எனக்கும் தெரியும்.

நேத்து பூசைக்குப் போனேன். தாள முந்தானையில முடிஞ்சுகினுதான் போனேன். அந்தப் பொண்ணு சகாயம்மாள், அவங்க அம்மாவோட வந்து எனக்கு முன்னாடி குந்திச்சு. சின்னப் பொண்ணு. தகப்பன் இல்ல. பேரு படிச்சப்ப சிரிப்ப அடக்க முடியாம அம்மா தோள்ல மூஞ்சிய மறைச்சுகிச்சு. அது பேர ஊருக்கு முன்னாடி ரெண்டு வாட்டி படிச்சாச்சு. நான் எழுந்து நின்னா, அது பெரணமல்லூர்ல தலை காட்ட முடியுமா? நிறுத்தின பொண்ண அப்புறம் யாரு கட்டுவான்? எனக்கு நடந்தத நான் போய் அதுக்குப் பண்றதா?

யாருக்காவது ஆட்சேபணை இருக்குதான்னு சாமியார் கேட்டாரு. நான் எழுந்திருக்கல. முந்தானைய இழுத்துப் போத்திகினு குனிஞ்சுகினேன், பக்கத்துல இருந்தவ இன்னாம்மா ஜுரமான்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன்.

உம்மேல எனக்குக் கோவம் இருக்குது இன்னாசி. ரொம்ப நாளைக்கு இருக்கும். நீ காத்தாயியக் கட்டினதுக்கு இல்ல. பயமா இருக்குதுக்கான்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா, நானே களம்பூர்ல ரயிலேறி வந்து ரெண்டு பேரையும் கோயிலுக்கு இழுத்துகினு போயிருப்பேன். உன் கல்யாணமும் ஆயிருக்கும், என்னுதும் ஆயிருக்கும்.

குறிமரத்தக் கேட்டிருந்த. நல்லா இருக்குது. இப்பெல்லாம் நான் எறிஞ்சா தப்பறதில்ல.

கிறிஸ்மஸுக்குத் தாராளமா வாங்க. காத்தாயிய நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன், அவ பயப்பட வேணாம்னு சொல்லு. நீ வாங்கிக் கட்டிப்ப, அத மட்டும் தெரிஞ்சுகினு வா.

அவ்ளோ நீளமா எழுதியிருக்கற. கொழந்தை ஆம்பளையா பொம்பளையான்னு எழுதல. பேரு இன்னா வெச்சீங்கன்னும் எழுதல. அத எழுது.

அக்கா அமலோற்பவம்